படிக்கட்டுக்கு அடியில் ஏழு பிரதிகள்: மன்றத்து நூலகக் குழுவுக்குத் திறந்த மடல்

மன்றத் தலைவர் அவர்களுக்கும் நூலகக் குழுவினர் அனைவருக்கும்,

சென்ற சனிக்கிழமை மாலை நூலகத்துக்கு வந்திருந்தேன். படிக்கட்டுக்கு அடியில், துடைப்பமும் மடக்கு நாற்காலிகளும் வைக்கிற இடத்தில், மூன்று பிஸ்கட் அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ‘கழிவு’ என்று தடித்த மையில் எழுதியிருந்தது. இரண்டில் பழைய மாத இதழ்களும் கரையான் அரித்த பாடநூல்களும். மூன்றாவதில், ராஃபியா கயிற்றால் கட்டிய ஒரே நாவலின் ஏழு பிரதிகள். ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’. கரையான் தொடவில்லை. ஒன்றின் முதுகு மட்டும் பிரிந்து, உள்தாள் நூலோடு தொங்கியது.

அந்த முதுகு பிரிந்த பிரதி என் அப்பாவுடையது. அவர் காலமான பிறகு அவருடைய புத்தகங்களை மன்றத்துக்குக் கொடுத்தேன். நன்றி தெரிவித்து அப்போது நீங்கள் எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கொடுத்த புத்தகத்தின் மேல் எனக்கு உரிமை இல்லை என்பது தெரியும். அதனால் மகளாக இதை எழுதவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த மன்றத்தின் உறுப்பினர், இந்தப் பினாங்கில் பிறந்து வளர்ந்த வாசகி என்ற முறையில் எழுதுகிறேன்.

மறுநாள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) உங்கள் அறிவிப்பும் வந்தது. இந்த ஆண்டின் மாத வாசிப்புக்கு முதலில் அறிவித்த 12 நாவல்களில் ‘கடலுக்கு அப்பால்’ நீக்கப்படுகிறது. அதே ஆசிரியரின் ‘புயலிலே ஒரு தோணி’ மட்டும் இருக்கும். காரணம் கேட்டதற்கு மூன்று பதில்கள் கிடைத்தன. ஐந்து ஆண்டுகளாக யாரும் இரவல் வாங்கவில்லை. பெரிய நாவல் இருக்கும்போது அதற்கு ஒத்திகையாக எழுதிய சின்ன நாவல் எதற்கு. மூன்றாவதை எழுத்தில் தராமல் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: வட்டிக்கடைக் கதையை இன்றைய பிள்ளைகளிடம் கொடுத்தால் நம் சமூகத்துக்குத்தான் கெட்ட பெயர்.

மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் இரவல் விஷயம். புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தேதித் தாளை நானும் பார்த்தேன். ஊதா நிற முத்திரைகள் ஓரிடத்தில் நின்றுபோகின்றன. உண்மைதான். அவை நின்ற காலத்தில்தான் நாவல் அலமாரிகள் மாடி அறைக்கு மாற்றப்பட்டன. கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டினீர்கள். சாவி செயலாளரிடம். நூலகம் திறப்பதோ சனிக்கிழமை 3 மணியிலிருந்து 6 மணி வரை. நான் மட்டுமே நான்கு முறை சாவி இல்லை என்று திரும்பியிருக்கிறேன். இடநெருக்கடியும் கூரை ஒழுகலும் எனக்குத் தெரியாதவை அல்ல. நீங்கள் யாரும் சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்யவில்லை என்பதும் தெரியும். ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்த புத்தகத்தை யாரும் எடுக்கவில்லை என்று குற்றம் சொல்லி வெளியே போடுவது நியாயமில்லை.

அந்த ஐந்தாண்டுக் கணக்கைப் பெரிய நாவலுக்கே வைத்துப் பாருங்கள். ‘புயலிலே ஒரு தோணி’ எழுதி முடித்து, பதிப்பாளர் கிடைக்காமல் பல ஆண்டுகள் கிடந்து, 1972இல்தான் வெளிவந்தது. வந்த பிறகும் அதைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர். தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்று என்று இன்று நாம் மேடையில் சொல்லும் அந்தப் புத்தகத்தை, 1977இல் ஏதாவது ஒரு நூலகக் குழு உங்கள் விதிப்படி எடுத்துப் பார்த்திருந்தால் அதுவும் படிக்கட்டுக்கு அடியில்தான் கிடந்திருக்கும். அந்த ஆசிரியருக்கு ஒருமுறை நடந்ததை இரண்டாம் முறையும், அதுவும் பினாங்கில், நடத்த வேண்டுமா?

அடுத்தது ‘ஒத்திகை’ என்ற சொல். இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். மற்ற இரண்டு காரணங்களும் நிர்வாகம் சம்பந்தப்பட்டவை. இது வாசிப்பு சம்பந்தப்பட்டது.

சிங்காரம் எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர், 1938இல் கப்பலேறி சுமத்ராத் தீவிலுள்ள மேடானுக்குக் கடை வேலைக்குப் போனார். போர் முடிந்ததும் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார், ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறையில் தனியாகவே வாழ்நாளைக் கழித்தார். 1997இன் கடைசி நாட்களில் மறைந்தார். இருபது முப்பது நாவல் எழுதியவர் என்றால் ஒன்றிரண்டைக் கழிக்கலாம் என்று வாதிடலாம். இரண்டு எழுதியவரிடம் ஒன்றைக் கழித்தால் பாதி ஆளைக் கழித்தது போல. கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் புத்தகமானது ‘கடலுக்கு அப்பால்’. இரண்டு நாவல்களையும் ஒரே கட்டாகச் சேர்த்துப் போட்ட பதிப்பும் உண்டு. பதிப்பாளர்கள் சேர்த்துக் கட்டியதை நாம் பிரித்துப் போட்டிருக்கிறோம்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர்களுக்குத் தெரியும், அவை ஒரே காலத்தை இரண்டு உயரங்களிலிருந்து பார்க்கின்றன. பெரிய நாவலின் பாண்டியன் சாகசக்காரன். மேடான், பினாங்கு, பாங்காக் என்று அலைகிறவன். கடல் அவன் தடம். தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களைக் கேலி செய்துகொண்டே அந்தத் தமிழின் சுவையில் திளைக்கிற பேச்சு முழுவதும் அங்கே இருக்கிறது. ‘கடலுக்கு அப்பால்’ செல்லையாவோ சம்பளக்காரன். பினாங்கில் வானாயீனாவின் வட்டிக்கடையில் வேலை பார்க்கிறவன். முதலாளியின் மகள் மரகதத்தை விரும்புகிறான். போர் வருகிறது; இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்து திரும்பி வந்தால், முதலாளிக்கு அவன் வேண்டாதவனாகிவிட்டான். துப்பாக்கி பிடித்த கைக்குக் கணக்கு எழுத வராது, பட்டாளத்துக்குப் போய் வந்தவன் கடையின் பணப்பெட்டிக்கு முன்னால் பணிந்து உட்கார மாட்டான் என்பது அந்த மனிதரின் முடிவு. மகள் வேறொருவனுக்கு என்று ஆகிறது.

இதைக் காதல் தோல்விக் கதை என்று ஒரு வரியில் தள்ளிவிடலாம். பலர் தள்ளியும் இருக்கிறார்கள். நான் படித்தபோது காதலைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கடை. செல்லையா கோழையாக இருந்ததால் தோற்கவில்லை. துணிந்ததால் தோற்கிறான். எந்தக் குணம் அவனை ஆளாக்கியதோ அதே குணம் அவனுக்கு அந்த வீட்டுக் கதவை அடைக்கிறது. வானாயீனா வில்லனும் இல்லை. பெட்டியடியில் எடுபிடிப் பையனாகத் தொடங்கிப் படிப்படியாக மேலே வந்த தலைமுறையின் பயம் அவருடையது. ஜப்பான்காரன் வந்தான், அவன் அச்சடித்த வாழைமர நோட்டு வந்தது, அந்த நோட்டில் பழைய கடன்கள் அடைபட்டன, அவன் போனதும் அந்த நோட்டு வெறும் காகிதமாயிற்று. அப்படி ஒரு காலத்தைப் பார்த்த வியாபாரிக்கு நிலையானது என்று மிஞ்சியது பேரேடும் கட்டுப்பாடும்தான். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் செல்லையா இனி வரமாட்டான் என்று அவருக்குத் தெரிகிறது. அவர் கணக்குத் தப்பவில்லை என்பதுதான் நாவலின் வலி. பெரிய நாவலில் இந்த வலிக்கு இடமில்லை. பாண்டியன் எந்தப் பெட்டிக்கு முன்னாலும் உட்கார ஆசைப்படவில்லையே.

மாணிக்கம் இரண்டு நாவல்களிலும் வருகிறார். பெரிய நாவலில் பேச்சில் மின்னுகிற மனிதர், இங்கே உடைந்துபோன நண்பனின் பக்கத்தில் உட்கார்ந்து அவனைத் தேற்றுகிறார். ஒரு பாத்திரத்தின் இந்த முகத்தைப் பார்க்காமலே அந்த முகத்தைப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியுமா?

குறைகள் இருக்கின்றன, மறைக்கவில்லை. மரகதம் பேசவேண்டிய இடங்களில் அழுகிறாள். காதல் பகுதிகள் அந்தக் கால வாராந்தரிகளின் சாயலில் நீளுகின்றன. ஆனால் ஒரு குடும்பத்தின் நடையிலும் அடுப்படியிலும் போர் வந்து உட்காருவதை இவ்வளவு பக்கத்திலிருந்து காட்டிய தமிழ் நாவலை, அதுவும் நம் ஊரை வைத்து, நான் வேறு படித்ததில்லை.

நம் ஊர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

என் தாத்தா தேவகோட்டைப் பக்கத்திலிருந்து பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையனாக வந்தவர். பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு கிட்டங்கி. நீளமான கூடம், ஒரே கூரைக்குக் கீழே பல கடைகள். கடை என்றால் ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். விடியுமுன் எழுந்து கூடத்தைக் கூட்டுவது, தண்ணீர் பிடிப்பது, கடையை நடத்தும் மேலாள் குளித்து வரும்முன் பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைப்பது, பகலில் வசூலுக்குப் பின்னால் நடப்பது, இரவில் கடிதம் நகல் எடுப்பது. மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊர்ப்பயணம். அந்த உலகத்தில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, விலாசம்தான். பெயரின் முதலெழுத்துகளையே சொல்லிக் கூப்பிடுவார்கள். வானாயீனா என்ற பெயரை முதன்முதலாகப் படித்த அன்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறது: “பாத்தியா, இது நம்ம ஆளுகளத் தெரிஞ்சவன் எழுதுனதும்மா.”

தாத்தா மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாள் ஆன பிறகு பாட்டியையும் அழைத்து வந்தார். பெரும்பாலானோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த காலம் அது. அப்பா இங்கேதான் பிறந்தார். 1941 டிசம்பர் 11இல் ஜப்பான் விமானங்கள் பினாங்கின் நகரான ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டபோது அவருக்கு ஆறு வயது. எந்த நாட்டு விமானம் என்று தெரியாமல் சனங்கள் தெருவுக்கு வந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்பாவும் பார்த்திருக்கிறார். பாட்டி அவர் காதைப் பிடித்து உள்ளே இழுத்தாராம். எழுபது வயதுக்கு மேலும் அந்தக் காதைத் தொட்டுக் காட்டித்தான் அந்தக் கதையைச் சொல்வார். சில நாட்களில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக் கொண்டு போனார்கள். 19ஆம் தேதி ஜப்பான் ராணுவம் தீவுக்குள் வந்துவிட்டது.

தாத்தாவின் தம்பியும் அதே கிட்டங்கியில் இருந்தவர். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து பேசிய பேச்சுகள் இங்கே வந்து சேர்ந்தபோது, சின்னத் தாத்தா பெட்டிச் சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டார். 1945 கடைசியில் திரும்பி வந்தார். மேலாள் அவரைப் பசியாறச் சொன்னார், வேட்டி எடுத்துக் கொடுத்தார், பெட்டியடியில் மட்டும் உட்காரச் சொல்லவில்லை. ஒரு வாரம் கூடத்துத் தூணில் சாய்ந்து நின்றுவிட்டு, சின்னத் தாத்தா கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கிராணியாக, அதாவது எழுத்தராக, போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு பினாங்கு ஸ்திரீட் பக்கம் அவர் வந்ததே இல்லை. தைப்பூசத்துக்குக்கூட வரமாட்டார். வெள்ளி ரதம் அந்தத் தெருவிலிருந்துதானே புறப்படுகிறது.

இவை எதுவும் எங்கள் வீட்டில் கதையாகச் சொல்லப்பட்டவை அல்ல. இப்போது உங்கள் அட்டைப்பெட்டியில் கிடக்கும் அந்தப் புத்தகத்தை அப்பா படித்த பிறகுதான் ஒவ்வொன்றாக வாய் திறந்தார்.

அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை பார்த்தவர். காதில் பென்சில் செருகும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. புத்தகங்களில் கோடு போடமாட்டார். ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதாவது எழுதுவார். அந்தப் பிரதியில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறார். முதலாளி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பக்கத்தில், ‘அப்பா இப்படித்தான்’ என்று இருக்கிறது. செல்லையா திரும்பி வந்து முதலாளி முன் நிற்கும் பக்கத்தில், ‘சித்தப்பா’ என்ற ஒரே சொல். கடைசிப் பக்கத்தில், படித்து முடித்த தேதியும் அதற்குக் கீழே ‘கெடா போகவேண்டும்’ என்றும் இருக்கிறது.

அவர் போனார். நானும் கூடப் போனேன். பெர்ரியில் ஏறி, பட்டர்வொர்த்தில் பேருந்து பிடித்து, தோட்டம் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. சின்னத் தாத்தாவுக்கு அப்போது கண் தெரியவில்லை. அப்பா புத்தகத்தை எடுத்து, அந்த இரண்டாவது பக்கத்தை உரக்கப் படித்தார். சின்னத் தாத்தா முழுக்கக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு அப்பாவின் கையைத் தேடிப் பிடித்து, “இத எழுதுன தம்பி பட்டாளத்துல இருந்தவனா?” என்று கேட்டார். மேடானில் கடை வேலை பார்த்தவர் என்று அப்பா சொன்னார். “அப்ப சரி” என்றார். சின்னத் தாத்தா என் முன்னால் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசியது அந்த ஒரு நாள்தான்.

அந்தப் பேச்சை அவர் வாயிலிருந்து வரவழைத்தது, நீங்கள் ஒத்திகை என்று சொல்கிற நாவல்.

இனி அந்த மூன்றாவது காரணம். இன்றைக்கு வட்டிக்காரர் என்றால் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போகிற ஆலோங் கும்பல் நினைவுக்கு வருவது உண்மை. பிள்ளைகள் குழம்புவார்கள் என்று கூட்டத்தில் கவலைப்பட்டவரின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிள்ளைகளைக் கேட்டீர்களா? நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, படிவம் 5 மாணவிகள் மூன்று பேர் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிந்த விடுமுறையில் என்னிடம் புத்தகம் கேட்டு வந்தார்கள். இந்த நாவலைத்தான் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து நால்வரும் புத்தகத்தோடு பினாங்கு ஸ்திரீட், மாரியம்மன் கோயில், சூலியா ஸ்திரீட் என்று நடந்தோம். கிட்டங்கிகள் இருந்த வரிசையில் இப்போது நகைக்கடை, புடவைக்கடை, நாணய மாற்றுக்கடை. பழைய கட்டடம் ஒன்றின் வாசலில் நின்று ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். நீளக் கூடத்தைக் கண்டதும், “டீச்சர், செல்லையா இங்கதான் நின்னிருப்பானா?” என்று கேட்டாள். இன்னொருத்தி கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை: “எல்லாரும் கணக்குப் பாக்குறாங்க. மரகதத்துக்கு என்ன வேணும்னு யாருமே கேக்கலையே?” பதினேழு வயதுப் பெண் இந்தக் கேள்வியைக் கேட்கவைக்கிற நாவலால் எந்தச் சமூகத்துக்கும் கெட்ட பெயர் வராது.

ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதிலிருந்து அந்தத் தெருக்களின் சுவருக்கும் ஓட்டுக்கும் சன்னல் கதவுக்கும் காவல் இருக்கிறது. வண்ணம் மாற்றுவதென்றாலும் அனுமதி கேட்க வேண்டும். அந்தச் சுவர்களுக்குள் இருந்த தமிழர்கள் என்ன பேசினார்கள், எதற்குப் பயந்தார்கள், யாரை வாசலில் நிறுத்திவைத்தார்கள் என்பதற்குத் தமிழில் நம்மிடம் இருக்கும் மிகச் சில சாட்சிகளில் ஒன்று இந்த நாவல். அதைக் காப்பது நம் மன்றத்தின் வேலை. பழைய பேப்பர்காரர் கிலோ கணக்கில் விலை போடும் பொருள் இல்லை அது.

இன்னொன்றும் காதில் விழுந்தது. சிங்காரம் தமிழ்நாட்டு எழுத்தாளர், நம் பட்டியலில் மலேசிய நாவல்களுக்கு இடம் கூட வேண்டும் என்று சிலர் சொன்னார்களாம். மலேசிய நாவல்கள் கூட வேண்டும் என்பதில் நானும் அவர்கள் பக்கம்தான். அதற்காகவே பலமுறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அது காரணமென்றால் அதே ஆசிரியரின் இன்னொரு நாவல் எப்படிப் பட்டியலில் இருக்கிறது? புகழ்பெற்றதை வைத்துக்கொண்டு, பினாங்கிலேயே நடப்பதை எடுத்திருக்கிறீர்கள்.

நான் கேட்பது இவைதான்.

அட்டைப்பெட்டிகளை வரும் வெள்ளிக்கிழமை லோரி வந்து ஏற்றிப் போகும் என்று காவலாளி சொன்னார். அதை நிறுத்துங்கள். ஏழு பிரதிகளும் அலமாரிக்குத் திரும்ப வேண்டும். அப்பாவின் பிரதியை எனக்குத் திருப்பித் தர வேண்டாம். அதை எடுத்துப் படிக்கிறவர் அந்தப் பென்சில் எழுத்துகளையும் படிக்கட்டும். முதுகு பிரிந்த கட்டை நானே தைத்துத் தருகிறேன். அந்த வேலை எனக்குத் தெரியும்.

மாத வாசிப்பில் ‘கடலுக்கு அப்பால்’ மறுபடியும் இடம்பெற வேண்டும். ‘புயலிலே ஒரு தோணி’க்கு முந்திய மாதத்தில் வைத்தால் இரண்டையும் சேர்த்துப் பேச வசதியாக இருக்கும். அந்த மாதக் கூட்டத்தை மன்ற மண்டபத்தில் நடத்தாமல் பினாங்கு ஸ்திரீட்டில் நடந்துகொண்டே நடத்த அனுமதி கொடுங்கள். வழிகாட்ட நான் வருகிறேன். அந்த மூன்று மாணவிகளில் இருவர் இப்போது இங்கேயே வேலை பார்க்கிறார்கள். அவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

புத்தகம் கழிக்கும் விதியையும் மாற்றுங்கள். கழிக்க நினைக்கும் புத்தகங்களின் பட்டியலை இரண்டு மாதம் முன்னதாக உறுப்பினர்களுக்குத் தெரிவியுங்கள். குழுவில் குறைந்தது இரண்டு பேராவது அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, ஏன் கழிக்கிறோம் என்று பெயர் போட்டு எழுதட்டும். இந்த நாவலை நீக்கிய கூட்டத்தில் எத்தனை பேர் இதை முழுவதும் படித்திருந்தீர்கள் என்பதையும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாடி அலமாரியின் சாவிக்கு ஒரு நகல் செய்து, நூலகம் திறந்திருக்கும் மூன்று மணி நேரமும் கீழே மேசையில் வையுங்கள். நகல் செய்ய ஆகும் செலவை நான் தருகிறேன்.

வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு மன்ற வாசலுக்கு வருகிறேன். பெட்டியை மாடிக்குத் தூக்கிவர என் தம்பி மகனும் கூட வருவான். அலமாரியைத் திறக்கச் சாவியோடு ஒருவரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாமிலிருந்து,
மன்றத்தின் ஆயுள் உறுப்பினர், ஓய்வு பெற்ற தமிழாசிரியை